பழைய கணினியைத் தூக்கிப் போடும் முன் ‘டூயல் பூட்’ முறையைப் பரிசீலிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திக்கொண்டதிலிருந்து, நம் ஊர்க் கணினிக் கடைகளில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. “இந்த மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்பது ஒன்று. “எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டுத் தருகிறோம்” என்பது மற்றொன்று; லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளம். முதல் யோசனையைக் கேட்டால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினி காயலான் கடைக்குப் போகிறது. இரண்டாவதைக் கேட்டால், ஒருவர் பல ஆண்டுகளாகப் பழகிய மென்பொருளும் அதை நம்பியிருந்த தொழிலும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் அருகருகே நிறுவிக்கொண்டு, இயக்கும் நேரத்தில் தேவையானதைத் தேர்ந்தெடுக்கும் ‘டூயல் பூட்’ முறையைப் பற்றி யாரும் வாய்திறப்பதில்லை. கேட்டால், “அது எப்போது வேண்டுமானாலும் மக்கர் செய்யும்” என்று தட்டிக்கழிக்கிறார்கள். மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், மாணவர்களின் மடிக்கணினிகளையும் தெரிந்தவர்களின் கடைக் கணினிகளையும் இன்றும் பார்த்துக்கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த முறையில் குறையில்லை, அவசரமாகவும் அரைகுறையாகவும் செய்து கொடுப்பதால்தான் அதற்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது.

விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை முதலில் பார்க்கலாம். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பிடமும் பெரிய விஷயமல்ல. பத்தாண்டு பழைய கணினியிலும் அவை இருக்கும். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளை மட்டுமே கணினியை எழுப்பவிடும் காவல்) வசதியுள்ள யூஇஎஃப்ஐ என்ற தொடக்க மென்பொருளும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதும் வேண்டும். எட்டாம் தலைமுறைச் செயலிகள் 2017இல்தான் வரத் தொடங்கின. எனவே அதற்கு முன் வாங்கிய ஐ3, ஐ5 கணினிகள், 8 ஜிபி ரேம் இருந்தாலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி மாற்றி வேகமாக ஓடினாலும், பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. இந்தச் சோதனைகளை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வந்துசேரும் என்று உறுதி கூற முடியாது என மைக்ரோசாப்டே சொல்லியிருப்பதால், தொழில் நடத்தும் கணினியில் அதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டுப் பயனாளர்களுக்கென அறிவிக்கப்பட்ட கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைக்குமானதுதான்.

அப்படியானால் விண்டோஸை முற்றிலும் விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். இணையம், மின்னஞ்சல், கடிதம், கணக்குத் தாள், படம் பார்ப்பது ஆகியவை மட்டும் போதும் என்பவர்கள் தாராளமாக விட்டுவிடலாம். அவர்களுக்கு லினக்ஸ் மட்டுமே போதுமானது. ஆனால் எல்லோருடைய நிலையும் அதுவல்ல. எனக்குத் தெரிந்த ஒரு டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடையை எடுத்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், வருஷாப்திகப் பத்திரிகை என ஊரின் நல்லது கெட்டது அத்தனையும் அந்தக் கடையின் வன்தட்டில், விண்டோஸில் ஓடும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளாக இருக்கின்றன. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அவை தட்டச்சு செய்யப்பட்டவை. அண்ணனின் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைத் தம்பியின் கல்யாணத்துக்குத் திறந்து, பெயரையும் முகூர்த்த நேரத்தையும் மாற்றி அரை மணி நேரத்தில் கொடுப்பதுதான் அந்தத் தொழிலின் வேகம். அங்கே இருக்கும் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைப்பதும் லேசான காரியமல்ல. அவரிடம் போய் விண்டோஸை அழிக்கச் சொல்வது கடையை மூடச் சொல்வதற்குச் சமம்.

அதே கணினியில்தான் அவர் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து வாடிக்கையாளர் அனுப்பும் புகைப்படங்களை இறக்குகிறார், மின்னஞ்சல் பார்க்கிறார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து தருகிறார். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன இயங்குதளத்துக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். ஆகவே, வேலையை இரண்டாகப் பிரிப்பதே இங்கே தீர்வு. இணையம் தொடர்பான அனைத்தும் லினக்ஸில் நடக்கட்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக நெட்வொர்க் கார்டை முடக்கிவிட்டு, அதைப் பேஜ்மேக்கருக்கும் பிரிண்டருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். இரண்டுக்கும் பொதுவாக டி டிரைவை, விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் வடிவில் விட்டுவைத்தால், லினக்ஸில் இறக்கிய புகைப்படத்தை விண்டோஸில் திறந்து பக்கத்தில் வைக்கலாம். 2021இல் வெளியான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) 5.15இலிருந்து என்டிஎஃப்எஸ் டிரைவில் படிக்கவும் எழுதவும் முழுமையான வசதி கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இதனால் ஆபத்து அறவே ஒழிந்துவிடும் என்று சொல்லவில்லை. பொது டிரைவில் வந்து உட்காரும் வைரஸ் கோப்பு லினக்ஸை ஒன்றும் செய்யாவிட்டாலும், விண்டோஸில் அதைத் திறந்தால் வேலையைக் காட்டும், பென்டிரைவும் அப்படித்தான். ஆயினும் இருபத்துநான்கு மணி நேரமும் இணையத்தில் திறந்து கிடக்கும் விண்டோஸைவிட இது எவ்வளவோ மேல்.

லினக்ஸை மட்டும் நிறுவி, அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் ஓடும் கற்பனைக் கணினியாக, விண்டோஸை ஓட்டலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பதுண்டு. 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது நல்ல வழி. 4 ஜிபி ரேமை இரு இயங்குதளங்களுக்கும் ஒரே நேரத்தில் பங்கிட்டால் இரண்டுமே தவழும். டூயல் பூட்டில் எந்த நேரத்திலும் ஒன்றுதான் ஓடுகிறது என்பதால், செயலியும் ரேமும் முழுமையாக அதற்கே கிடைக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டியிருப்பது உண்மையான சிரமம்தான். காலையில் இணைய வேலைகள், பிற்பகலில் அச்சு வேலைகள் என்று பிரித்துக்கொண்டவர்களுக்கு அது பழகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. நாட்டிலேயே இவ்வளவு பெரிய அளவில் டூயல் பூட் கணினிகள் மாணவர் கைக்குப் போனது அதுவே முதல் தடவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் மெனுவில் வரும் இரண்டாவது பெயர் எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மிகச் சிலரே. பாட்டும் படமும் ஏற்ற இடம் போதவில்லை என்று, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குள் போய், பெயரில்லாமல் இருந்த லினக்ஸ் பார்ட்டிஷனை (வன்தட்டில் லினக்ஸுக்கென ஒதுக்கிய பகுதியை) மாணவர்கள் அழித்துவிடுவார்கள். அடுத்த முறை இயக்கும்போது கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். காரணம் எளியது: தொடக்கத்தில் ஓடி இயங்குதளத்தை எழுப்பும் கிரப் என்ற ஏற்றியின் முதல் துண்டு வன்தட்டின் தொடக்கப் பகுதியிலும், மீதித் துண்டுகளும் மெனுவும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ளும் இருந்தன. பார்ட்டிஷன் போனதும் கிரப்புக்கு விண்டோஸை எங்கே தேடுவது என்று தெரியவில்லை. விண்டோஸ் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளேயே இருந்தது. விண்டோஸ் நிறுவல் டிஸ்க்கைப் போட்டு அதன் ஏற்றியை மறுபடி எழுதினால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அது தெரியாமல், முழுவதையும் ஃபார்மட் செய்யக் கடைகளில் பணம் கொடுத்த பெற்றோர்களை நான் அறிவேன். லினக்ஸ் என்றாலே கணினியைக் கெடுப்பது என்ற எண்ணம் பல வீடுகளில் அன்றுதான் வேரூன்றியது.

கணினியின் பவர் பொத்தானை அழுத்திய முதல் சில நொடிகளில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் முதலில் விழிக்கிறது. வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற ஒரு சிறு பகுதி, ஃபேட்32 வடிவில், விண்டோஸ் தானாக அமைக்கும்போது பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கிறது. அதற்குள் விண்டோஸின் ஏற்றி ஒரு ஃபோல்டரிலும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் ஏற்றி இன்னொரு ஃபோல்டரிலும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும். இவற்றில் எதை முதலில் அழைப்பது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. ஆகவே புதிய கணினிகளில் “விண்டோஸ் அப்டேட் வந்து லினக்ஸை அழித்துவிட்டது” என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அழிவே அல்ல; வரிசையில் விண்டோஸ் தன்னை முன்னே நகர்த்திக்கொண்டது, அவ்வளவுதான். இயக்கியவுடன் எஃப் 2 அல்லது டெல் பொத்தானை அழுத்தி உள்ளே போய், பூட் வரிசையில் உபுண்டுவை மீண்டும் மேலே வைத்தால் போதும். இது தெரிந்த கடைக்காரர் சிலர்கூட முழுதாக ரீ-இன்ஸ்டால் செய்து கட்டணம் வாங்குவது எனக்கு வருத்தத்தைத் தருகிறது.

பழைய கணினிகளில் நிலைமை வேறு. 2012ஐ ஒட்டி வாங்கிய பல கணினிகளில் விண்டோஸ், யூஇஎஃப்ஐக்கு முந்தைய பயாஸ் முறையில், எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணையோடு நிறுவப்பட்டிருக்கும். இதில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் வைக்க முடியாது. நம் கடைகளில் சி, டி, இ என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம்; விண்டோஸ் தனக்கென்று ஒளித்துவைத்திருக்கும் சிறு பார்ட்டிஷனையும் சேர்த்தால் நான்கும் தீர்ந்தன. இந்த நிலையில் ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போனால், டிஸ்க்கை ‘டைனமிக்’ ஆக மாற்றலாமா என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்விக்கு ஒருபோதும் சம்மதம் தரக் கூடாது. மாற்றிய பிறகு லினக்ஸை நிறுவுவது பெரும் தலைவலி. அதற்குப் பதிலாக, இ டிரைவில் உள்ளவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு அந்த டிரைவை நீக்கி, அந்த இடத்தில் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் (பல பார்ட்டிஷன்களை உள்ளடக்கக்கூடியது) உருவாக்கி அதற்குள் லினக்ஸை வைக்கலாம். இன்னொன்று: விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் லினக்ஸை நிறுவப் பயன்படும் பென்டிரைவையும் இயக்க வேண்டும். ஒன்று பழைய பயாஸ் முறையிலும் மற்றொன்று யூஇஎஃப்ஐ முறையிலும் இருந்தால், கிரப் மெனுவிலிருந்து மற்றதை அழைக்க முடியாது.

நிறுவுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொள்வது எல்லோரும் சொல்வது. அதைப் பற்றி நான் விரிக்க வேண்டியதில்லை. அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது, டிஸ்க்கில் உள்ளதைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. பயனாளருக்கு அது நடந்ததே தெரிவதில்லை. பாடத்துக்காக லினக்ஸ் வேண்டும் என்று புதிய மடிக்கணினியோடு வரும் கல்லூரி மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். லினக்ஸ் நிறுவுவதற்காகக் கணினியின் அமைப்புத் திரைக்குள் (இதையும் பயாஸ் என்றே அழைப்பது வழக்கம்) போய்ச் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு வெளியே வந்ததும், நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக் கணினி நின்றுவிடும். அந்தச் சாவி மாணவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கணக்கு எந்த மின்னஞ்சலில், எந்தக் கைப்பேசி எண்ணில் தொடங்கப்பட்டது என்று தெரியாதபோதுதான் பிள்ளைகள் கண்கலங்கி நிற்கிறார்கள். கடையில் வாங்கிய அன்று விற்பனையாளரே தன் வசதிக்கு ஒரு கணக்கைத் தொடங்கிக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே எதையும் தொடும் முன் அந்த 48 இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு மறையாக்கத்தை அமைப்புகளில் அணைத்து, அது முழுமையாக நீங்கும் வரை காத்திருக்க வேண்டும். உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்றவை செக்யூர் பூட் இயங்கும் நிலையிலேயே நிறுவக்கூடியவை என்பதால், பெரும்பாலான கணினிகளில் அதை அணைக்க வேண்டிய தேவையும் இல்லை.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8இலிருந்து, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை; தன் உட்கருவின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவில் எழுதுவது, ஒருவர் கணக்குப் புத்தகத்தை விரித்துவைத்து எழுந்து போயிருக்கும்போது அதே பக்கத்தில் இன்னொருவர் எழுதுவதைப் போன்றது. திரும்பி வந்தவர் தன் நினைவில் உள்ளபடியே தொடர்ந்து எழுத, இரண்டு கணக்கும் கெடும். நல்லவேளையாக லினக்ஸ் இதைக் கண்டுகொண்டு அந்த டிரைவைப் படிக்க மட்டும் அனுமதிக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. “லினக்ஸில் டி டிரைவில் சேவ் ஆகவில்லை” என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இதுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் சென்று, பவர் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

லினக்ஸுக்கான இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுத்து ஒதுக்குவது நல்லது. தன் டிரைவின் அமைப்பு அதற்குத்தான் நன்றாகத் தெரியும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் 50 அல்லது 60 ஜிபி ஒதுக்கினால் அன்றாட வேலைக்கு ஏராளம். 100 ஜிபி காலியாக இருந்தும் 10 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் காட்டினால் பதற வேண்டியதில்லை. நடுவில் நகர்த்த முடியாத கோப்பு ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஹைபர்னேஷனையும் (நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைத்து உறங்கும் வசதி) பேஜ் ஃபைலையும் (ரேமுக்குத் துணையான கோப்பு) தற்காலிகமாக நிறுத்திவிட்டு மீண்டும் முயன்றால் இடம் கிடைக்கும்.

சில மடிக்கணினிகளில் லினக்ஸ் நிறுவிக்கு, அதாவது லினக்ஸை நிறுவித் தரும் மென்பொருளுக்கு, உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியே தெரிவதில்லை. இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் டிஸ்க் அமைக்கப்பட்டிருப்பதே காரணம். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் விண்டோஸைத் தயார்படுத்தாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் (குறைந்தபட்ச வசதிகளோடு மட்டும்) எழும்படி முதலில் அமைத்து, அதன் பின் பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, பிறகு வழக்கமான நிலைக்குத் திரும்ப வேண்டும். இந்த வரிசை தெரியாதவர் அந்த மடிக்கணினியைத் தொடாமல் இருப்பதே மேல்.

நிறுவும் நேரத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கண்ணை அகற்றாமல் இருக்க வேண்டும். லினக்ஸை விண்டோஸுக்கு அருகில் நிறுவவா, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா என்று நிறுவி கேட்கும். ‘அருகில் நிறுவு’ என்ற வாய்ப்பே திரையில் வரவில்லை என்றால், நிறுவிக்கு விண்டோஸ் இருப்பது தெரியவில்லை என்று பொருள். முறை மாறிப் பென்டிரைவ் இயக்கப்பட்டிருக்கலாம். மறையாக்கம் நீங்காமல் இருக்கலாம். பார்ட்டிஷன் அட்டவணை நிரம்பியிருக்கலாம். அந்த நிமிடத்தில் நிறுவியை மூடிவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். இருக்கும் ஒரே வாய்ப்பை அழுத்திவிட்டு, பிறகு குடும்பப் புகைப்படங்கள் போய்விட்டன என்று வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இருக்கிறது. சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாக வாங்கி, நிறுவும்போது பழைய வன்தட்டின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் லினக்ஸை நிறுவி, பிறகு கேபிளை மாட்டிக்கொள்ளலாம். இயக்கும்போது எஃப் 12 போன்ற பூட் மெனு பொத்தானை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் குறிப்பிட்ட டி.டி.பி. கடைக்கு இந்த வழியைத்தான் பரிந்துரைத்தேன்.

நிறுவிய பிறகு வரும் ஒரு சிறு தொல்லை பலரைக் குழப்புகிறது. லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குள் வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று படித்துக்கொள்கிறது. காலை பத்தரை மணி, விடியற்காலை ஐந்து மணியாகிவிடுகிறது. இணையம் இருந்தால் விண்டோஸ் பின்னர் திருத்திக்கொள்ளும். நான் சொன்னதுபோல் இணையத்தைத் துண்டித்த விண்டோஸில் அப்படியே நிற்கும், பில்லிலும் கோப்பிலும் தவறான நேரம் விழும். மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். மெனுவில் விண்டோஸின் பெயரே காணவில்லை என்பது மற்றொரு புகார். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கி மெனுவை மறுபடி உருவாக்கினால் பெயர் வந்துவிடும்.

இரண்டு நிறுவனங்களின் மென்பொருள் ஒரே டிஸ்க்கில் இருக்கும்போது, ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவரைப் பாதிக்காது என்று நான் வாக்குறுதி தர மாட்டேன். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், செக்யூர் பூட் இயங்கும் டூயல் பூட் கணினிகள் பலவற்றில் லினக்ஸ் எழ மறுத்தது. கிரப்பில் முன்பு கண்டறியப்பட்ட ஓர் ஓட்டையை அடைப்பதற்காக, பழைய ஏற்றிகளைத் தடைசெய்யும் ஏற்பாடு அதில் இருந்தது. டூயல் பூட் கணினிகளில் அது செயல்படாது என்று மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தும் செயல்பட்டுவிட்டது. செக்யூர் பூட்டைச் சிறிது நேரம் அணைத்து, லினக்ஸுக்குள் சென்று அந்தத் தடைப்பட்டியலை மீட்டமைத்துத்தான் பலர் மீண்டார்கள். மைக்ரோசாப்டின் நிரந்தரத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒருவருக்கு டூயல் பூட் செய்து கொடுப்பது நியாயமல்ல. லினக்ஸ் பென்டிரைவ் ஒன்றையும் விண்டோஸ் மீட்புப் பென்டிரைவ் ஒன்றையும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கச் சொல்வது என் வழக்கம்.

இதற்கு மேல் நான் கேட்பவை சிலவே. தமிழ்நாட்டு மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமாக இடம்பெற்றிருக்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் அம்மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் பதிப்பை உருவாக்கிக் கொடுத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளிக்கிறது. நம் பள்ளி ஆய்வகங்களில் கழித்துக்கட்டப்பட்ட நிலையில் இருக்கும் ஒரு கணினியையாவது இதற்கென்று ஒதுக்கி, பார்ட்டிஷனைச் சுருக்குவது முதல் லினக்ஸை நீக்கி விண்டோஸ் ஏற்றியைத் திரும்ப வைப்பது வரை மாணவர்களே செய்து பார்க்கும்படி செய்முறை வகுப்பில் சேர்க்கலாம். அதில் கணினி எழாமல் போனாலும் நட்டமில்லை. எழாமல் போன கணினியை எழவைப்பதில்தான் அவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள். அரசு வழங்கும் மடிக்கணினிகளில் இனியும் இரண்டு இயங்குதளங்கள் வைக்கப்படுமானால், தமிழில் ஒரு கையேடும் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் கூடவே வர வேண்டும் என்று எல்காட் நிறுவனத்தையும் பள்ளிக் கல்வித் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

கணினிக் கடை நடத்தும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. டூயல் பூட் செய்து கொடுக்கும்போது அதற்குரிய கூலியை வாங்கிக்கொள்ளுங்கள்; அது உழைப்புக்கும் அறிவுக்கும் உரிய கூலி. அதோடு ஒரு தாளையும் எழுதிக் கொடுங்கள். எந்தப் பார்ட்டிஷன் லினக்ஸுடையது, அது எத்தனை ஜிபி, அதை ஏன் விண்டோஸிலிருந்து அழிக்கக் கூடாது, பூட் மெனுவுக்கு அந்தக் கணினியில் எந்தப் பொத்தான், பிட்லாக்கர் இருந்தால் அந்த 48 இலக்கங்கள், எந்த மின்னஞ்சல் கணக்கில் அது பதிவாகியிருக்கிறது என்பவை அதில் இருக்கட்டும். கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது போதாது, தாளில் வேண்டும். மீட்புச் சாவி உள்ள அந்தத் தாளை மடிக்கணினிப் பையில் போடாமல், வீட்டில் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வைக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
கும்பகோணம்.